‘அப்புறம்’ இருந்த இடத்தில்

தாபோடி
3 ஆகஸ்ட் 1998

மங்கையர்க்கரசி மேடத்துக்கு,

என் பெயர் எஸ்தர். உங்கள் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் பதினோரு வருடம் அட்டெண்டராக இருந்த அமல்ராஜ் என் அண்ணன். எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றது. நீங்கள் கோயம்புத்தூர்க்காரர் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஜனவரி 21-ம் தேதி லேபில் தீப்பிடித்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து கோகுல்நாத் என்ற பையன் இறந்துபோனான். அவனுக்காக இன்றும் ஜெபம் செய்கிறேன். மார்ச்சில் என் அண்ணனை வேலையை விட்டு நீக்கினார்கள். போலீஸ் கேஸும் அவன் பேரில்தான்.

அதற்குப் பிறகு அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். சாப்பிடு என்றால் சாப்பிடுவான். வா என்றால் வருவான். வாயைத் திறக்க மாட்டான். ஆனால் தினமும் காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன் மாதிரியே கிளம்பிப் போவான். சாயங்காலம் திரும்பி வருவான். எங்கே போகிறான் என்று நான் கேட்கவில்லை. ஜூலை 6-ம் தேதி, நல்ல மழை, அப்படித்தான் போனான். திரும்பி வரவில்லை. போலீஸ் சௌகியில் கேட்டால், கேஸுக்குப் பயந்து தலைமறைவாகிவிட்டான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவனை நீக்கிய ரிப்போர்ட்டின் நகலை எங்கள் ஃபாதரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். “எஸ்தர், இதுல வேற எங்கயும் உங்க அண்ணன் தப்பு பண்ணான்னு சொல்லல. இந்த ஒரு வார்த்தைதான் சொல்லுது” என்றார். ரிப்போர்ட்டின் இங்கிலீஷைத் திருத்தியது நீங்கள் என்று ஆபீஸ் பியூன் சொன்னார்.

அந்த வார்த்தையை யார் போட்டது? இதை மட்டும் எழுதுங்கள்.

எஸ்தர்


புனே
11 ஆகஸ்ட் 1998

எஸ்தர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அமல்ராஜ் இன்னும் வீடு திரும்பவில்லை என்பதை அறிந்து வருந்துகிறேன். அந்தக் கல்லூரியில் என்னோடு தமிழில் பேசுகிறவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் வேதியியல் துறைத் தலைவர் ராமநாதன். மற்றவர் உங்கள் அண்ணன்.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிவியல் மாணவர்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சோதனைக் குறிப்பு எழுதும்போது பேச்சு வழக்கில் எழுதக் கூடாது என்பது பாடத்தில் முக்கியமான பகுதி. ‘பட்’ என்று பேசலாம், எழுதும்போது ‘ஹவெவர்’. ‘ஸோ’ என்று பேசலாம்; எழுதும்போது ‘தேர்ஃபோர்’. இவற்றை இணைப்புச் சொற்கள் என்போம். இடப்பக்கம் பேச்சுச் சொல், வலப்பக்கம் எழுத்துச் சொல் என்று கரும்பலகையில் கோடு கிழித்து ஒவ்வோர் ஆண்டும் எழுதிப் போடுகிறேன்.

விபத்து அறிக்கையை எழுதியவர் ராமநாதன் சார். அவருடைய ஆங்கிலம் எளிமையானது. நிர்வாகக் குழுவுக்குப் போகிற அறிக்கை என்பதால் அதை முறையான நடைக்கு மாற்றித் தரும்படி கேட்டார். செய்தேன். செய்திகள் எதையும் நான் சேர்க்கவும் இல்லை, நீக்கவும் இல்லை. ஃபாதர் குறிப்பிட்ட சொல்லும் நடைக்காக மாற்றப்பட்டதே தவிர வேறு நோக்கம் கிடையாது.

தங்கள் அண்ணன் நலமாகத் திரும்ப வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி


தாபோடி
17 ஆகஸ்ட் 1998

மேடத்துக்கு,

பாடம் நடத்தியதற்கு நன்றி.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்ப ஃபாதரிடம் போனேன். ரிப்போர்ட்டின் முதல் கையெழுத்துப் பிரதியும் ஃபைலோடு எங்கள் கேஸ் வக்கீலுக்கு வந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபாதர் எனக்குத் தமிழில் சொன்னார்.

சார் எழுதியது: ‘அட்டெண்டர் ஈதர் பாட்டிலை நான்காம் மேஜையில் வைத்தான். அப்புறம் ஸ்டோருக்குப் போனான். அப்புறம் தீப்பிடித்தது.’

நீங்கள் திருத்தியது: ‘அட்டெண்டர் ஈதர் பாட்டிலை நான்காம் மேஜையில் வைத்துவிட்டு ஸ்டோருக்குச் சென்றார். அதன் விளைவாகத் தீப்பிடித்தது.’

அந்தச் சொல்லின் பெயர் ‘கான்ஸிக்வென்ட்லி’யாம். ஃபாதர் சொல்லச் சொல்லி நான் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் என்பது வேறு, அதன் விளைவாக என்பது வேறு என்று தெரிந்துகொள்ள இங்கிலீஷ் டீச்சர் தேவையில்லை. நான் யூனிஃபார்ம் தைக்கிற டெய்லர் கடையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருந்ததா?

எஸ்தர்


புனே
24 ஆகஸ்ட் 1998

எஸ்தர் அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை கிழித்துப் போட்டேன். அதை இன்னும் எழுத முடியவில்லை. வேறொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன வியாழக்கிழமை, 20-ம் தேதி, முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வேதியியல் சோதனை ஒன்றைப் பற்றிப் பத்து வாக்கியங்கள். நடுநடுவே கோடிட்ட இடங்கள். அங்கே பொருத்தமான இணைப்புச் சொல்லை எழுத வேண்டும். தாள்களை எண்ணி வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். கடைசி வரிசைக்கு முந்தின பெஞ்சில் இருக்கும் ப்ரீத்தி என்ற பெண் கையை நீட்டி, “மேடம், பீச்சே அங்கிள் கோ பீ ஏக் சாஹியே” என்றாள். பின்னால் இருக்கும் அங்கிளுக்கும் ஒன்று வேண்டுமாம். எண்ணிக்கை தவறிவிடுமோ என்ற கவனத்தில் தலையை நிமிர்த்தாமல் இன்னொரு தாளை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். வீட்டுக்கு வந்து எண்ணினால் ஐம்பத்தொன்பது தாள்கள்.

கூடுதலாக இருந்த தாளில் பெயர் இல்லை. ஓரங்கள் ஈரமாக இருந்தன. பத்து இடங்களிலும் ஒரே சொல். தமிழில். ‘அப்புறம்.’

அந்த வகுப்பில் தமிழ் எழுதத் தெரிந்த மாணவர் யாரும் கிடையாது. தமிழ் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வீட்டில் பேச மட்டும் வரும். ராமநாதன் சாருக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாது, தமிழ்நாட்டுக்கு வெளியே, மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர். மறுநாள் ப்ரீத்தியைக் கூப்பிட்டு, யார் அந்த அங்கிள் என்று கேட்டேன். “காக்கிச் சட்டை மேடம். நல்லா நனைஞ்சிருந்தார். மழையில வந்திருப்பார்னு நினைச்சேன்” என்று இந்தியில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

உங்கள் அண்ணன் இங்கே வந்து போகிறாரா? அல்லது உங்கள் வீட்டார் யாராவது எனக்குப் பாடம் புகட்ட இதைச் செய்கிறார்களா? எதுவானாலும் சொல்லுங்கள். அவர் கையெழுத்து ஏதாவது இருந்தால் அனுப்ப முடியுமா?

மங்கையர்க்கரசி


தாபோடி
2 செப்டம்பர் 1998

மேடத்துக்கு,

எங்கள் வீட்டார் என்றால் நானும் அண்ணனும்தான். அப்பா தோட்டா ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆன வருடமே போய்விட்டார். அம்மா அதற்கும் முன்னால். உங்களுக்குப் பாடம் புகட்ட இங்கே ஆள் யாரும் கிடையாது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வேலைக்கு லீவ் சொல்லிவிட்டு உங்கள் காலேஜுக்கு வந்தேன். கேட்டுக்கு எதிரில் டீக்கடையில் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள். அவன் உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. நீங்கள் பச்சைக் குடையோடு போனதைப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

இதோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். போன வருடம் கிறிஸ்துமஸுக்குச் சாமான் வாங்க அவன் எழுதியது. மைதா, டால்டா, முந்திரி. அதைத் தவிர அவன் கையால் எழுதியது வேறொன்றும் வீட்டில் இல்லை. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். ரிஜிஸ்டர் தபாலில்.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தால் போதும். எனக்குக் கோபம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எஸ்தர்


புனே
4 அக்டோபர் 1998

எஸ்தர்,

சீட்டை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

அதே கையெழுத்துதான். உங்கள் அண்ணன் ‘ற’வின் காலை நீளமாகக் கீழே இழுத்து இடப்பக்கம் வளைக்கிறார். மைதா ‘ஒன்றரை கிலோ’ என்பதில் இருக்கிறது. பத்து ‘அப்புற’த்திலும் அதே வளைவு.

இன்னும் இரண்டு தாள்கள் வந்துவிட்டன. செப்டம்பர் 17-ம் தேதி பயிற்சி கொடுத்தபோது நானே கதவருகில் நின்று ஒவ்வொருவரையும் எண்ணி உள்ளே விட்டேன். ஐம்பத்தாறு பேர். இரண்டு பேர் வரவில்லை. அறைக்கு ஒரே வாசல். தாள்களைக் கொடுக்கும்போது நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. வாங்கும்போது ஐம்பத்தேழு. அந்தத் தாளில் கோடிட்ட இடங்களை விட்டுவிட்டு அடியில் எழுதியிருந்தது: ‘பாட்டில் வைத்தேன். அப்புறம் சார் ஸ்டோருக்குப் போகச் சொன்னார். அப்புறம் போனேன்.’

அக்டோபர் 1-ம் தேதித் தாளில்: ‘ஸ்டோரில் இருந்தேன். அப்புறம் பர்னர் பற்றுகிற சத்தம் கேட்டது. நான் ஸ்டோரில் இருந்தேன்.’

வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்சைப் போய்ப் பார்த்தேன். பலகை நனைந்திருந்தது. அன்று மழை இல்லை. ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு சேற்று வாடை. கைக்குட்டையால் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து அறையில் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பர்னர்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும் ‘பப்’ என்ற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. இவ்வளவு வருடம் அந்தச் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை.

சார் அவரை ஸ்டோருக்குப் போகச் சொன்னதாக அறிக்கையில் ஒரு வரிகூடக் கிடையாது. அவராகவே போனதாகத்தான் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் தெரியும். நான் அறியாத ஒன்றை இந்தத் தாள் சொல்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். எனக்குத் தெரியும். ‘அப்புறம்’ என்பதற்கான எழுத்துச் சொல் ‘ஸப்ஸிக்வென்ட்லி’. ஒன்றன் பின் ஒன்று என்று மட்டும்தான் அதற்குப் பொருள். நான் முதலில் போட்டதும் அதுதான். பிறகு மாற்றினேன். அவசரத்தில் செய்துவிட்டேன்.

மங்கையர்க்கரசி


தாபோடி
9 நவம்பர் 1998

டீச்சர்,

அவசரத்தில் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சட்டையில் காலரை அவசரத்தில் கோணலாக வைத்துவிடலாம். பிரித்துத் தைத்துவிடலாம். ஒரு சரியான காலரைப் பிரித்துவிட்டுக் கோணலாகத் தைப்பது அவசரத்தில் நடக்காது.

அண்ணன் எங்கேயோ ஒளிந்து உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறான் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு விதமாக நினைக்க எனக்கு மனது வரவில்லை. நீங்கள் எழுதுகிற மாதிரி ஈரம், சேறு என்றெல்லாம் இனிமேல் எழுதாதீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு மிஷின் மிதிக்க முடியவில்லை.

தீப்பிடித்த அந்த மேஜைக்குப் பக்கத்தில் பார்கவி என்று ஒரு பெண்ணும் நின்றாளாம். தளேகாவில் வீடு. அப்பா அங்கே ஃபேக்டரியில் இன்ஜினியர். கை வெந்துபோய்ப் படிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் ஒரு முறை போனேன். அட்டெண்டர் தங்கை என்றதும் அவள் அப்பா கதவைச் சாத்திவிட்டார். நீங்கள் டீச்சர். உங்களுக்குத் திறப்பார்கள்.

எஸ்தர்


புனே
14 டிசம்பர் 1998

அன்புள்ள எஸ்தர்,

டிசம்பர் 3-ம் தேதி நான்காவது தாள் வந்தது. அதில் அப்புறம் என்ற சொல்லே இல்லை. ஒரே ஒரு வாக்கியம்: ‘நீங்கள் என்னைக் கேட்கவில்லை.’

அதைப் படித்த பிறகு என்னால் கல்லூரிக்குப் போக முடியவில்லை. சனிக்கிழமை லோகல் ரயிலில் தளேகாவ் போனேன். நீங்கள் சொன்னதுபோலவே கதவைத் திறந்தார்கள்.

பார்கவி முழங்கைவரை உறை போட்டிருந்தாள். அப்பா உள்ளே டீ போடப் போனபோது இந்தியில் கேட்டேன்.

“அன்னிக்கு அமல்ராஜை யாராவது ஸ்டோருக்கு அனுப்பினாங்களாம்மா?”

“சார்தான் மேடம். ‘அமல், பாட்டில் அங்கியே இருக்கட்டும், நீ போய் ஃபில்டர் பேப்பர் கொண்டா’ன்னார். அமல் அண்ணா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ‘சார், மூடி லூஸா இருக்கு’ன்னார். ‘போடா, நான் பார்த்துக்கறேன்’னு சார் சொன்னார். அப்புறம் கோகுலோட அப்பரேடஸைக் காட்டறதுக்காக சாரே பர்னரைப் பத்தவெச்சார். பக்கத்துல ஈதர் பாட்டில் இருந்ததை மறந்துட்டார். அதோட ஆவி பத்திக்கிச்சு.”

“இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?”

“ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. கையில கட்டு. அப்பாதான் கையெழுத்துப் போட்டார். நான் படிச்சேன் மேடம். அதுல ‘ஸோ’ன்னு இருந்திருந்தா, இது தப்புன்னு சண்டை போட்டிருப்பேன். ‘கான்ஸிக்வென்ட்லி’ன்னு இருந்துது. எல்லாத்தையும் விசாரிச்சு, பெரியவங்க கண்டுபிடிச்சு எழுதினதுன்னு நினைச்சுட்டேன்.”

எஸ்தர், அந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். முதலாண்டில் என் வகுப்பில் இருந்தாள்.

திங்கட்கிழமை ராமநாதன் சாரின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். தாள்களைப் பற்றிச் சொல்லவில்லை.

“ஒரு வார்த்தை, மங்கை. ஒரே ஒரு வார்த்தைக்கா இப்படி அலையறீங்க?” என்றார்.

“ஒரே வார்த்தைதான் சார்.”

“அன்னிக்கு நீங்களும் ஒத்துண்டேளே.”

ஆமாம். ஒத்துக்கொண்டேன். இதைத்தான் ஆகஸ்டிலிருந்து உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். நான் ‘ஸப்ஸிக்வென்ட்லி’ என்று போட்டுக் கொடுத்தபோது அவர் படித்துவிட்டு, “இது வழவழன்னு இருக்கு, இன்னும் கொஞ்சம் அழுத்தமா ஒண்ணு போடுங்கோ. கமிட்டிக்குப் புரியணும்” என்றார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. என் வேலை தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் தாளில் துறைத் தலைவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய மாதம் அது. அவர் முன்னாலேயே அடித்துவிட்டு மேலே எழுதினேன். ஏப்ரலில் என்னை நிரந்தரமாக்கினார்கள். உங்கள் அண்ணன் அப்போது பக்கத்து அறையில்தான் இருந்தார். எழுந்து போய், என்ன நடந்தது அமல்ராஜ் என்று தமிழில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாளைக்கு இதையெல்லாம் எழுதி நிர்வாகக் குழுவுக்கும் காவல் நிலையத்துக்கும் கொடுக்கப் போகிறேன். பார்கவியும் வந்து சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அப்பாவுக்கு இஷ்டமில்லை. வருவாள் என்றே நம்புகிறேன்.

மங்கையர்க்கரசி


தாபோடி
28 டிசம்பர் 1998

டீச்சர்,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சௌகியிலிருந்து ஆள் வந்தது. நீங்கள் எழுதிக் கொடுத்த பிறகு கேஸ் ஃபைலைத் திரும்பவும் எடுத்திருக்கிறார்கள். காணாமல் போனவர் பட்டியலையும் அடையாளம் தெரியாத பிணங்களின் பட்டியலையும் புது இன்ஸ்பெக்டர் ஒத்துப்பார்த்திருக்கிறார். அதற்கு முன்னால் யாரும் அதைச் செய்யவில்லை.

தாபோடி பாலத்துக்குக் கீழே, ஜூலை 9-ம் தேதி, ஆற்று வெள்ளத்தில் ஒதுங்கிய ஆள். கேட்க யாரும் வராததால் மூன்று நாள் வைத்திருந்து முனிசிபாலிட்டியில் புதைத்துவிட்டார்கள். போட்டோ காட்டினார்கள். முகத்தை நான் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தேன். நான் தைத்த சட்டை. இடது பாக்கெட்டில் பேனாவுக்குத் தனியாக ஒரு தையல் போட்டுக் கொடுத்திருந்தேன்.

விழுந்தானா, இறங்கினானா என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. வழுக்குகிற இடம்தான் என்றார். அவர் அப்படிச் சொன்னதற்கு நன்றி சொன்னேன்.

ஜூலை 9.

உங்களுக்கு முதல் தாள் வந்தது ஆகஸ்ட் 20. உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு நேற்று முழுவதும் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்த அந்த மூன்று நாளும் அவன் மண்ணுக்குள் இருந்தான். நனைந்திருந்தார் என்று அந்தப் பெண் சொன்னபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்துகொள்ளாமல் வைத்திருந்தேன்.

இப்போதைக்கு எழுத வேண்டாம்.

எஸ்தர்


புனே
15 பிப்ரவரி 1999

அன்புள்ள எஸ்தர்,

நீங்கள் எழுத வேண்டாம் என்றீர்கள். ஏழு வாரம் பொறுத்தேன். சொல்ல வேண்டியது இருக்கிறது.

நிர்வாகக் குழு மூன்று முறை கூடியது. பார்கவி வந்தாள். அப்பாவும் கூட வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். அவள் இந்தியில்தான் பேசினாள், ஒவ்வொன்றாக, நடந்த வரிசையில். ராமநாதன் சார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் அவராகவே எழுந்து, “பர்னரைப் பற்றவைத்தது நான். பாட்டில் இருந்தது நினைவில்லை. அமல் மூடி தளர்ந்திருப்பதாகச் சொன்னான்” என்றார். உட்காரும்போது நாற்காலியின் கையைப் பிடிக்கத் தவறி, மேஜையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அவருடைய இடத்தில் நானும் இருந்தேன்.

பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நீக்க உத்தரவு செல்லாது என்று உங்களுக்குத் தனியாகக் கடிதம் வரும். அமல்ராஜின் பேரில் இருந்த வழக்கை முடித்துவிட்டதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். ராமநாதன் சார் பேரில் வழக்குப் பதிவாகியிருக்கிறது.

நான் வேலையிலிருந்து விலகிவிட்டேன். அவர்கள் நீக்குவதற்கு முன்னால் நானே எழுதிக் கொடுத்தேன். கணவருக்கு இங்கே பக்கத்தில் சாகணில் வேலை, அதனால் ஊரைவிட்டுப் போகவில்லை. இந்த இரண்டு மாதத்தில் கூடுதல் தாள் ஒன்றும் வரவில்லை. கடைசி பெஞ்சும் காய்ந்தே கிடந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டு பாடம் நடத்தினேன். அவர் இன்னும் ஏதாவது கேட்டால் தேவலை என்றிருந்தது.

நான்கு தாள்களும் என்னிடம் இருக்கின்றன. யாருக்கும் காட்டவில்லை. குழுவுக்கும் காட்டவில்லை, அவற்றைச் சாட்சியாக வைக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அவை உங்களுடையவை. தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை நானே தாபோடிக்குக் கொண்டு வருகிறேன். உள்ளே கூப்பிட வேண்டியதில்லை.

மங்கையர்க்கரசி


தாபோடி
1 மார்ச் 1999

டீச்சருக்கு,

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாசலில் நின்றீர்கள். நான் கவரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன். நீங்கள் ரொம்ப நேரம் போகாமல் நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் மாற்றி எழுதிய வார்த்தைக்காக இல்லை. அதற்கு நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்கள். நாலு பேர் முன்னால் நின்று உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். அந்தக் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும், போகட்டும்.

அவன் உங்களிடம் வந்தான். அதற்காகத்தான் சாத்தினேன்.

மார்ச்சிலிருந்து ஜூலைவரை நாலு மாதம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. செத்த பிறகு, ஈரச் சட்டையோடு, தாபோடியிலிருந்து அவ்வளவு தூரம் உங்கள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறான். நாலு தடவை. என்னிடம் ஒரு தடவைகூட வரவில்லை. நான் கதவுத் தாழ்ப்பாளைப் போடாமல் படுத்திருக்கிறேன், டீச்சர். அவன் தட்டைக் கழுவி மேஜையில் வைத்திருக்கிறேன். காலடிச் சத்தம் இல்லை, வாடை இல்லை, கனவில்கூட வரவில்லை. உங்கள் மேல் எனக்குப் பொறாமை. அவனைக் கெடுத்த ஆளைப் பார்த்துப் பொறாமைப்படும்படி ஆகிவிட்டதே என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு.

நீங்கள் போன பிறகு தாள்களைப் பிரித்தேன். முதலில் முகர்ந்துதான் பார்த்தேன். காகித வாசனை மட்டும்தான் இருந்தது. எழுத்து அவனுடையது, சந்தேகமே இல்லை. நாலையும் படித்தேன். திருப்பி முதுகுப்பக்கமும் பார்த்தேன், எனக்கு ஏதாவது இருக்குமோ என்று. இல்லை. எல்லாம் அந்த ஒரு நாளைப் பற்றி, அந்த ஒரு மேஜையைப் பற்றி.

நேற்று பூசையில் உட்கார்ந்திருக்கும்போது வேறு விதமாகத் தோன்றியது. கேட்க வேண்டியது இருக்கிற இடத்துக்குப் போயிருக்கிறான். என்னிடம் அவனுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. நான் ஒரு நாளும், நீ செய்தாயா என்று அவனைக் கேட்டதில்லை. செய்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இப்படி நினைத்தது சரியா தப்பா என்று ஃபாதரைக் கேட்கவில்லை. இப்படி நினைத்த பிறகு ராத்திரி தூங்கினேன்.

முனிசிபாலிட்டி இடத்திலிருந்து அவனை எடுத்து எங்கள் சர்ச் கல்லறையில், அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க உத்தரவு வந்துவிட்டது. வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணி. காலேஜிலிருந்து யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோகுல்நாத்தின் அம்மாவுக்கு மட்டும் சொல்லி அனுப்பினேன். வருகிறேன் என்றாராம்.

பெட்டி தூக்க நாலு பேர் இருக்கிறார்கள். அவனுக்காக ஜெபம் வாசிக்க எனக்குக் குரல் வராது. வாசிப்பது தமிழில்தான், ஃபாதர் புத்தகம் தருவார். நீங்கள் வந்து வாசிக்க வேண்டும். உங்கள் குரல் அவனுக்குப் பழக்கம்.

எஸ்தர்